அத்தையின் இடது கைக்குள் ஒரு பூனை

காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அவள் செய்கிற முதல் காரியம், அத்தையின் இடது மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பதுதான். நாடி பார்ப்பதல்ல. நாடி தட்டும், விடும், மறுபடி தட்டும். இது விடவே விடாது. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று ஓயாமல் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். மடியில் சுருண்டு படுத்த பூனையின் கழுத்தில் கை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

"பூனை இருக்கா?" என்பாள் அத்தை, கண்ணைத் திறக்காமலேயே.

"இருக்கு."

"அப்ப டீயைப் போடு. பூனைக்கு இல்ல, எனக்கு. அரை டம்ளர்தான், தெரியும், ஆரம்பிக்காத."

ஆரம்பிக்காதே என்று அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது. அத்தை குடிக்கிற ஒவ்வொரு வாய்க்கும் டாக்டர் அளவு வைத்திருப்பதைப் பற்றி ஆரம்பித்தால் அவள் நிறுத்த மாட்டாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. "என் பொண்ணோட வாய் முதல்ல பட்டம் வாங்குச்சு, பின்னாடியே போயி இவளும் வாங்கிட்டு வந்தா" என்பார் அவளுடைய அப்பா. அப்பாவின் அக்காதான் இந்த அத்தை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கைகளுக்குக் கஃப் தைப்பது அவள் வேலை. தம்பி மகளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கஃப்கள்தான்.

அதைத் தம்பி மகள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதைச் சொந்தக்காரர்கள் தங்கள் கடமையாகவே வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் சொல்வார்கள், இழவு வீட்டில் சொல்வார்கள். "அத்தைக்கு நன்றியோட இருக்கணும்மா." நன்றி என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே இருப்பதைக்கூட ஆள் வைத்து வசூலித்தால் யாருக்குத்தான் கொடுக்க மனம் வரும்? அத்தை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதவளிடம் அதை எப்படிக் கொடுப்பது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு ரத்த அழுத்தம் இருந்தது. "தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, எதுக்கு மாத்திரை?" என்று பல வருடம் ஓட்டிவிட்டாள். சிறுநீரகம் என்பதே முக்கால்வாசி ரத்தக்குழாய்தான். மயிரிழையை விட மெல்லிய குழாய்கள் குட்டிக் குட்டிப் பந்துகளாகச் சுருண்டு, ரத்தத்தை வடிகட்டுகிற இடம். அழுத்தம் சத்தமே போடாமல் அந்தக் குழாய்களின் சுவரைத் தடிக்க வைத்தது, உள்வழியைச் சுருக்கியது, ஒவ்வொன்றாக அடைத்தது. தம்பி மகள் அதே பாடத்தைக் கல்லூரியில் படித்து, அழகாகப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, வகுப்பில் முதலாவதாக வந்தாள். அந்தப் பாடம் பக்கத்துப் படுக்கையில், அத்தையின் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம் தனி. அதை அவள் யார் மேலும் காட்ட முடியாது.

இப்போது சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, அத்தையின் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விட வேண்டும். தற்காலிகமாகக் கழுத்தில் ஒரு குழாய் செருகியிருந்தார்கள். அதில் கிருமி புகுந்தால் நேராக ரத்தத்தில்தான் கலக்கும். ஏற்கெனவே ஒரு தடவை புகுந்து, காய்ச்சலில் அத்தை பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. வலது கைச் சிரைகள் மருத்துவமனையில் மருந்து ஏற்றி ஏற்றியே வீணாகியிருந்தன. மிச்சம் இருந்தது இடது கை. ரத்தக்குழாய் டாக்டரம்மா அதில் அறுவை செய்து, மணிக்கட்டில் சிரையைத் தமனியோடு சேர்த்துத் தைத்தார்.

"இந்தக் கை தேறிட்டா கழுத்துக் குழாயை எடுத்துடலாம்" என்றார். "தேறலைன்னா அடுத்து எங்க போறதுன்னு எனக்கே தெரியல. அதனால கண்ணுல வெச்சுப் பாத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாள், "என்னடி பண்ணி வெச்சிருக்காங்க என் கையில? உனக்குப் புரிஞ்சதை எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித் தருவதுதான் அவள் வேலை. ஆனாலும் அத்தைக்குச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"தமனின்னா இதயத்துலேர்ந்து வெளிய போற குழாய். சுவர் மூணு அடுக்கு. உள்ள வழவழன்னு ஒரு படலம், ஒரே ஒரு செல் கனம்தான் இருக்கும். நடுவுல தசை. வெளிய நார்."

"காலர்னு சொல்லு. உள்துணி, நடுவுல விறைப்புக்குக் கேன்வாஸ், மேல்துணி."

"அதேதான்னு வெச்சுக்கோ. சிரைன்னா இதயத்துக்குத் திரும்பி வர்ற குழாய். அதுலயும் மூணு அடுக்கு உண்டு, ஆனா நடுவுல இருக்கறது ரொம்ப மெலிசு. அழுத்தமே இல்லாத வேலை அதுக்கு. ரத்தம் பின்னாடி வழியாம இருக்க, வழியில சின்னச் சின்னதா கதவு இருக்கும்."

"கேன்வாஸ் வெக்காத காலர். நிக்காது, மடிஞ்சு படுத்துக்கும்."

"ஆமா. வழக்கமா தமனி கிளை கிளையாப் பிரிஞ்சு, சிவப்பணு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையில போற அளவுக்கு மெலிஞ்சு, அப்புறம்தான் சிரைக்குப் போய்ச் சேரும். உன் கையில அந்தச் சுத்து வழியே இல்ல. தமனி ரத்தம் நேரா சிரைக்குள்ள பாயுது. அந்தப் பாய்ச்சல்தான் கையில குறுகுறுங்குது."

"ஐயோ பாவம். கிழிஞ்சிடாதா?"

"கிழியாது. அந்த உள்படலத்துக்கு உணர்ச்சி உண்டு. ரத்தம் வேகமா உரசிட்டுப் போனா, அது நடுவுல இருக்கற தசைக்குச் சேதி சொல்லும். குழாய் அகலமாகும், சுவர் தடிக்கும். கொஞ்ச நாள் போனா சிரை தமனி மாதிரியே ஆயிடும். அப்பத்தான் பெரிய ஊசி குத்தினா தாங்கும்."

"யாரும் சொல்லித் தராமலேயா?"

"யாரும் சொல்லித் தராமலே."

அத்தை இடது கையைத் தூக்கி, வேலையில் சேர வந்த புதுப் பெண்ணைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தாள். "சமர்த்து" என்றாள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அத்தை தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்தாள். இயந்திரத்தில் இல்லை, உட்கார்ந்து நூல் வெட்டுகிற வேலை. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்தே செத்துவிடுவேன் என்றாள். தம்பி மகள் ஒரு மதிய இடைவேளையில் அங்கே நேராகப் போய் நின்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் சட்டம் பேசினாள்.

"அந்தக் கையில பை மாட்டக்கூடாது. பிரஷர் பாக்கக்கூடாது. ஊசி போடக்கூடாது. இறுக்கமா எதுவுமே கூடாது. யாராவது இடிச்சீங்கன்னா அவ்வளவுதான். அத்தைக்கு வேற கை கிடையாது."

"அப்ப அந்தப் பக்கம் தொங்கறது என்ன?" என்று கேட்டாள் பட்டன் அக்கா. பித்தான் வைக்கும் பிரிவில் இருப்பதால் அந்தப் பெயர். அத்தைக்கு அங்கே உள்ளதிலேயே நெருக்கமானவள்.

"அது கை. அதுல குழாய் இல்ல."

"டிகிரி, நீ பேசற பேச்சுல எனக்குப் பிரஷர் ஏறுது. என் கையில வேணா பாத்துக்கோ, ரெண்டுலயும் பாத்துக்கோ." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. சிரை நாளுக்கு நாள் புடைத்தது. ஒரு நாள் காலை அவள் விரல் வைத்தாள்.

"பூனை இருக்கா?"

அவள் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். கீழே நகர்த்தினாள். குனிந்து காதை வைத்தாள். தினமும் ஜன்னல் இடுக்கில் காற்று வீசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். இன்று அவளுடைய சொந்த ரத்தம் அவள் காதுக்குள் ஓடுவதுதான் கேட்டது.

"என்னடி, தூங்குதா?"

"அத்தை, இது என்ன?"

முழங்கைக்குச் சற்றுக் கீழே தோலில் ஒரு வளையம். பல் பல்லாகச் சிவந்த கோடு. கஃப் தைப்பவள் வீட்டில் வளர்ந்தவளுக்கு எலாஸ்டிக் பதிந்த தடம் தெரியாமல் போகுமா?

அத்தை போர்வையை இழுத்து எதையோ மறைத்தாள். அவள் பிடுங்கினாள். உள்ளேயிருந்து ஒரு கை உறை வந்தது. மேலே மிருதுவான பருத்தி, உள்ளே மெல்லிய பஞ்சு, கட்டம் கட்டமாகத் தையல். இடிப்பவர்களுக்குத் தூரத்திலேயே தெரியட்டும் என்று நீளவாக்கில் ஒரு சிவப்புப் பட்டை. இரண்டு முனையிலும் எலாஸ்டிக். ஒரு நூல்கூட வெளியே தெரியாத வேலை.

"கம்பெனிப் பொண்ணுங்க தைச்சுக் குடுத்தாங்கடி" என்றாள் அத்தை. "இடி படாம இருக்கட்டும்னு. நீ கத்துவன்னு சொல்லல. நேத்து சாயங்காலம் நீ தொட்டுப் பாத்ததுக்கு அப்புறம் மாட்டினேன், ரத்தம் சுத்திகரிச்சிட்டு வந்த அசதியில கழட்டாமலே தூங்கிட்டேன்."

அவள் கத்தினாள். அண்டை வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்குக் கத்தினாள். கத்திக்கொண்டே அத்தைக்குச் செருப்பை மாட்டினாள், கத்திக்கொண்டே வாடகை வண்டி பிடித்தாள். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் குரல் அடங்கிப்போனது. அத்தையின் கையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுவதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் திரையில் தமனி துடித்துத் துடித்துத் தையல் வரைக்கும் வந்தது. அதைத் தாண்டி வழி இல்லை. எலாஸ்டிக் தடத்துக்குக் கீழே சிரைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டு இருந்தது.

"சுத்திகரிப்புக்கு அப்புறம் இவங்களுக்கு அழுத்தம் இறங்கியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "அந்த நேரத்துல வெளியிலேர்ந்தும் அமுக்கினா ரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். கடைசியா எப்ப துடிப்பு இருந்துச்சு?"

"நேத்து சாயங்காலம் இருந்துச்சு. காலையில இல்ல."

"நிச்சயமா தெரியுமா?"

"தினம் ரெண்டு வேளை பாக்கறேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளை ஒரு முறை பார்த்தார். "அதுதான் இப்ப உதவப் போகுது. எப்ப நின்னுச்சுன்னே தெரியலன்னு வர்றவங்கதான் அதிகம். இது புதுக் கட்டி, இளசா இருக்கு. எடுத்துப் பாக்கறேன். சிரை தாங்குமான்னு உள்ள போனாத்தான் தெரியும்." பிறகு உறையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லா தைச்சிருக்காங்களே, யாரு?"

"கொலைகாரிங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உறையை அவளிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நடைபாதை நாற்காலியில் அவள் உறையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பட்டன் அக்கா வந்து சேர்ந்தாள். விஷயம் கேள்விப்பட்டுப் பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறாள். மேலெல்லாம் நூல் பிசிறு.

"எப்படி இருக்கா?"

"ஏன் கேக்கறீங்க? மிச்சம் இருக்கான்னா?" அவள் எழுந்துவிட்டாள். "இறுக்கமா எதுவும் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. அதனாலதான எலாஸ்டிக் வெச்சோம்."

"எலாஸ்டிக் இறுக்கம் இல்லையா?"

"எலாஸ்டிக் எப்படிடி இறுக்கம்? இழுத்தா கொடுக்குமே!" பட்டன் அக்கா உண்மையாகவே திகைத்துப்போனாள். "நாடா வெச்சுக் கட்டினா இறுக்கம். பித்தான் வெச்சா இறுக்கம், நான்தான் வேண்டவே வேண்டாம்னேன். இருக்கறதுலயே இளகின சாமான் எலாஸ்டிக்தான். குழந்தைங்க ஜட்டிக்கு வெக்கறதுடி அது."

அந்தப் பெண்கள் வாழ்நாள் முழுக்கத் துணியோடு மாரடித்தவர்கள். அவர்கள் அகராதியில் இழுத்தால் வராததுதான் இறுக்கம். இவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, யோசித்து, நாடாவைத் தள்ளி, பித்தானைத் தள்ளி, இருப்பதிலேயே மெதுவானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எலாஸ்டிக் கொடுக்கும், வாஸ்தவம்தான். கொடுத்த கையோடு திருப்பிக் கேட்கும். இரவு முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் மாதிரி என்று தோன்றியதும் அவளுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது.

பட்டன் அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, உறையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, தையலை விரலால் நீவினாள்.

"ஒருத்தி வெட்டினா, ஒருத்தி பஞ்சு வெச்சா, ஒருத்தி கட்டம் போட்டா. காலம் பூரா யாருக்குன்னு தெரியாமலே தைச்சுத் தள்றோம். யாருக்குன்னு தெரிஞ்சு எல்லாரும் சேர்ந்து தைச்சது இது ஒண்ணுதான்." மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். "அதுதான் அவளுக்கு எமனா வரணுமா?"

இதற்குத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டும் தெரியாமல் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"கட்டியை எடுத்தாச்சு. ரத்தம் பாயுது" என்றார். "சுருங்கின இடத்துல ஒரு சின்ன பலூனை விட்டு ஊதி விரிச்சேன். போன மாசம் இருந்த சிரையா இருந்தா கிழிஞ்சிருக்கும். நல்லா தடிச்சிருக்கு, அதனால தாங்குச்சு. கைப்பயிற்சி ஒழுங்கா செஞ்சாங்களா?"

"செய்யாம விடுவோமா?" என்றாள் பட்டன் அக்கா. "வெட்டுத் துணியைச் சுருட்டி உருண்டையா தைச்சுக் குடுத்திருக்கோம். அமுக்கறதை நிறுத்தினா யாராவது ஒருத்தி குரல் விடுவா. சூப்பர்வைசரே குரல் விடுவாரு."

"அப்ப அந்தச் சுவர்ல உங்க பங்கும் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "பயிற்சி தொடரட்டும். உறை வேண்டாம்."

உள்ளே அத்தை படுத்திருந்தாள். தம்பி மகள் அந்த மணிக்கட்டில் விரல் வைத்தாள். குறுகுறுவென்று அது விரலைத் தேடி வந்தது. அவள் பட்டன் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, அந்த இடத்தில் வைத்தாள்.

"யம்மா!" பட்டன் அக்கா கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். "மெஷின் ஓடற மாதிரி இருக்கே."

"என் பூனையை மெஷின்னு சொல்லாத" என்றாள் அத்தை.

அடுத்த வாரம் தம்பி மகள் மறுபடி தொழிற்சாலைக்குப் போனாள். இந்த முறை கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆய்வகத்துக்காக இறைச்சிக் கடையில் வாங்குகிற ஆட்டு இதயம், குழாய்களை ஒட்ட வெட்டாமல் நீளமாக விடச் சொல்லி வாங்கியது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் திறந்தாள், அந்த அளவுக்கு நாகரிகம் அவளுக்கும் இருந்தது. பெண்கள் அலறினார்கள். அலறி முடித்ததும் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வந்த பிறகு அவளுக்கு அங்கே வேலையே இல்லை.

"இது தமனியா? லைக்ரா மாதிரி இழுக்குது பாரு. இழுத்துட்டு விட்டா பழையபடி வந்துடுது."

"இதான் சிரை. மல் துணி. அடுத்த பக்கம் தெரியுது."

"உள்பக்கம் தடவிப் பாருங்கடி. சாட்டின்கூட இப்படி வழுக்காது."

பட்டன் அக்கா ஒரு துண்டு எலாஸ்டிக்கைக் கொண்டுவந்து, வளையமாக்கி, சிரையின் மேல் மெல்ல மாட்டினாள். இழுக்கவே இல்லை. சிரை சத்தம் போடாமல் தட்டையாக மடிந்து படுத்தது.

"நான் கத்தினதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்" என்றாள் தம்பி மகள். "தப்பு தப்புதான். நானும் இதை அன்னிக்கே கொண்டுவந்து காட்டியிருக்கணும், வெறும் சட்டம் பேசிட்டுப் போயிட்டேன். ஆனா நீங்க அத்தையைப் பாத்துக்கற மாதிரி எங்க சொந்தத்துல ஒருத்தரும் பாத்துக்கல. நன்றி."

யாரும் கேட்காமல் அந்தச் சொல் வெளியே வந்ததில் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"திட்டையும் நன்றியையும் சேர்த்தே வெச்சுக்கறோம்" என்றாள் பட்டன் அக்கா. "இதை முதல்ல மூடி எடுத்துட்டுப் போ தாயே. நாளைக்கு எவளும் கறி திங்க மாட்டா."

அத்தையின் இடது கையில் முதல் முறையாக இரண்டு ஊசிகள் குத்திய நாளில் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தைச் சுற்றி, மற்றொன்றின் வழியாக உள்ளே போனது. சிரை அசையவில்லை. ஏதோ பிறந்ததிலிருந்தே அதற்கு இதுதான் வேலை என்பது போலப் புடைத்துக்கொண்டு நின்றது. பல முறை அப்படி ஓடிய பிறகு, ஒரு நாள் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். அந்தப் புண்ணும் ஆறியது. இனி தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்றார்கள். குழாய் நனையக்கூடாது என்று அத்தனை மாதமும் அத்தை ஈரத் துணியால் தலையைத் துடைத்தே காலம் தள்ளியிருந்தாள்.

அன்று குளியலறையில் முக்காலி போட்டு அத்தையை உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தம்பி மகளே மொண்டு ஊற்றினாள். முதல் தண்ணீர் விழுந்ததும் அத்தை "ஆ" என்றாள். வலியா என்று பதறிக் குனிந்து பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நரைத்த முடி முழுவதும் நுரை. கழுத்தில் குழாய் இருந்த இடத்தில் சின்ன வடு. தண்ணீர் அதன் மேலேயே வழிந்து, தோளில் இறங்கி, இடது கைப் புடைப்பின் மேல் ஓடியது. அவள் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சோப்பு போட்டாள். குனிந்து அதில் ஒரு முத்தம் வைத்தாள்.

"யாருக்குடி அது, எனக்கா கைக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"சரி, ஊத்து."

ஊற்றினாள். வாளி காலியாகி, மறுபடி நிறைந்து, மறுபடி காலியானது.

"போதும் அத்தை. சளி பிடிக்கும்."

"பிடிக்கட்டும். என்னென்னவோ வந்துட்டுப் போச்சு, சளியும் ஒரு நாள் வந்துட்டுப் போகட்டும். ஊத்துடி."